ஆடு தின்றால் சாகும் கீரை

தம்பி,

இங்கே நான், உன் அப்பா, உன் அப்பாவின் குறட்டை, மூன்று பேரும் சுகம். நீ அங்கே சுகமாக இல்லை என்பது கடிதத்தைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. எப்போதும் கோழி கிளறின மாதிரி எழுதுகிறவன், இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தையும் குளிப்பாட்டித் தலைசீவி உட்கார வைத்திருக்கிறாய். பேச ஆள் இல்லாதவன்தான் எழுத்தை இப்படிச் சிங்காரித்துக்கொண்டிருப்பான். நான் மூன்றாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனவள். உன் கடிதத்தை எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு ஒரு பொழுது பிடித்தது. வாசித்து முடித்தபோது அடுப்பில் பருப்பு தீய்ந்து போயிருந்தது. அந்தப் பருப்பையும் உன் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

மேல்படிப்புக்குப் போன அந்தத் தூரத்து ஊரில், வகுப்பில் வாத்தியார் சொல்வது காதில் விழுந்து புத்திக்குப் போய்ச் சேருவதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுகிறார் என்கிறாய். பக்கத்தில் உட்காருகிறவர்கள் பார்த்தால் சிரிக்கிறார்கள், அதோடு சரி என்கிறாய். சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் வடிந்த பிறகு போய், ரொட்டியை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு தின்கிறாயாம். இந்த மாதக் கடைசியில் திரும்பி வந்துவிடலாம் என்று இருக்கிறேன், அப்பாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி. நான் எந்தக் காலத்தில் பக்குவமாகச் சொன்னேன்? மாட்டுக் கொட்டகை வாசலில் நின்று உரக்கப் படித்தேன். உன் அப்பா தவிடு கரைத்த கையோடு நின்று கேட்டார். "வரட்டுமே. இங்க இன்னா சோறா கம்மியா பூட்ச்சி?" என்றார். "இன்னாங்க, படிப்ப பாதில வுட்டுட்டு வரேன்றான் புள்ள" என்றேன். "படிப்பு எங்கயும் ஓடிப்பூடாது. புள்ள அங்க காஞ்சிக்கினு கெடக்கறான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஏற்கெனவே தவிடு குடித்த மாட்டுக்கு இன்னொரு தடவை தவிடு வைத்தார். மாடு அவரை ஒரு மாதிரி பார்த்தது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருவதென்றால் வா. கதவு எப்போதும் போலச் சாத்தாமல்தான் கிடக்கிறது, தாழ்ப்பாள் நீ ஊரில் இருந்தபோது உடைத்தது, இன்னும் யாரும் சரிபண்ணவில்லை. ஆனால் வருவதற்கு முன்னால் ஒரு சங்கதி கேட்டுக்கொள். கரியாலூர் மலையில் ஒரு சாயங்காலம் நீ திரும்பி வந்தபோது நாங்கள் எல்லோரும் மேகத்துக்குள் வரிசையாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோமே, "இன்னாம்மா, எல்லாரும் கஞ்சா கிஞ்சா இழுத்தீங்களா?" என்று நீ கேட்டாயே, நான் பதில் சொல்லவில்லையே, அந்தச் சங்கதி. சொல்லாதே என்று உன் சிநேகிதன் ஜுமா என்னைக் கேட்டுக்கொண்டிருந்தான். இனிமேல் சொன்னால் அவன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொண்டால் உன் கூடத்தானே வந்து சண்டை போடுவான், போடட்டும்.

இப்போதும் இங்கே டீக்கடையில் இட ஒதுக்கீட்டுப் பேச்சுத்தான் ஓடுகிறது. வடக்கே பட்டணங்களில் படிக்கிற பிள்ளைகள் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்களாம். பேப்பரில் படம் வருகிறது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நம் பக்கத்தில் இட ஒதுக்கீடு கேட்டு ரோடு மறித்த வருஷம் எனக்குக் கண்ணில் வந்து நிற்கிறது. ரோட்டோரப் புளியமரம் எல்லாம் குறுக்கே விழுந்து, பஸ் சத்தம் லாரி சத்தம் எதுவும் இல்லாமல், கள்ளக்குறிச்சி ரோட்டில் மைனா நடந்து போன நாட்கள். சில வீடுகளில் போன பிள்ளை திரும்பவே இல்லை. ஆனால் மலை மேல் இருந்த அந்த நாட்கள் மட்டும் யாரோ எனக்குத் தூக்கத்தில் சொன்ன கதை மாதிரி தனியாக, வெள்ளையாக, ஓரம் எல்லாம் கலைந்து மிதக்கின்றன. அது நடந்ததா, நான் கனவில் கண்டதா என்று சந்தேகம் வரும்போது உன் அப்பாவைக் கேட்பேன். "நடந்துச்சி, நடந்துச்சி. என் வாயில இன்னும் கசக்குது" என்பார்.

அப்போது நீ கடலோரப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு உள்ளூர்ப் பிள்ளையைத் துணையாகப் போட்டார்கள். தான்சானியாவிலிருந்து வந்த ஜுமாவுக்கு உன்னைப் போட்டார்கள். நீ அதைப் பெரிய உத்தியோகம் மாதிரி செய்தாய். போலீஸ் ஆபீசில் பெயர் பதிய அழைத்துப் போனாய், பாங்கியில் கணக்குத் திறந்து கொடுத்தாய், வாத்தியார் வேகமாகச் சொன்னதை எல்லாம் திரும்ப எழுதிக் கொடுத்தாய், கொசுவலை கட்டிக் கொடுத்தாய். ஒவ்வொரு கடிதத்திலும் இதைச் செய்தேன் அதைச் செய்தேன் என்று எழுதுவாய். கடைசியில் ஒரு கடிதத்தில், "எல்லாம் செய்தும் அவன் சாப்பிட மாட்டேன் என்கிறான் அம்மா, ஊருக்குத் திரும்பப் போகிறானாம்" என்று எழுதினாய். அதற்குள் ரோட்டில் கலவரம் தொடங்கி விடுதியை மூடிவிட்டார்கள். பம்பாய்க்குப் போய் விமானம் ஏற வேண்டிய பிள்ளையை, சென்னை பஸ் ஓடுகிறவரைக்கும் இருக்கட்டும் என்று நம் வீட்டுக்குக் கூட்டி வந்தாய்.

வாசலில் அவன் குனிந்து வந்தது ஞாபகம் இருக்கிறதா? நம் வீட்டு நிலைப்படிக்கு முன்னால் குனிந்து வந்தவன் நம் சொந்தத்தில் யாரும் இல்லை, எல்லோரும் தலையை இடித்துக்கொண்டவர்கள்தான். இவன் முதல் தடவையே குனிந்தான். "பாத்தியா, உன்ன வுட புத்திசாலி" என்று உன்னிடம் சொன்னேன். அவனுக்கு நம் பேச்சு கொஞ்சம் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. தெருப் பிள்ளைகள் அவன் முடியைத் தொட்டுப் பார்க்க வரிசை கட்டி நின்றபோது, "டேய், தொட்டா காசு" என்று நான் விரட்டினேன். அவன் ஒரு பல் தெரியச் சிரித்தான். அவ்வளவுதான் சிரிப்பு. அதற்குப் பிறகு பையின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான். கட்டின பையை அவிழ்க்கவே இல்லை.

நாம் செய்த கூத்தைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த விருந்தாளி, அதுவும் கடல் தாண்டி வந்தவன், அவனுக்குக் களி போடுவதா? கௌரவம் என்னாவது? பக்கத்து வீட்டில் பொன்னி அரிசி கைமாற்று வாங்கி வந்து, வெள்ளைச் சோறு வடித்து, சாம்பார், ரசம், அப்பளம் என்று இலை நிறைய வைத்தோம். அவன் இரண்டு வாய் தின்றுவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நானும் உன் அப்பாவும் அவன் கண்ணில் படாமல் கொல்லைப்புறம் உட்கார்ந்து களியை விழுங்கினோம், ஏதோ திருட்டுக் கோழி தின்கிற மாதிரி. "சோறு புடிக்கல போல இருக்குதே" என்று உன் அப்பா கிசுகிசுத்தார். "புளிப்பு ஜாஸ்தி ஆயிடுச்சோ" என்று நான் கிசுகிசுத்தேன். அடுத்த நாள் இன்னும் ஒரு கூட்டு சேர்த்தோம். அவன் இன்னும் கம்மியாகத் தின்றான்.

அப்புறம் ரோட்டில் மரம் விழுந்தது. போலீஸ் ஊர் ஊராக வந்து வயசுப் பையன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறது என்று சேதி வந்தது. உன் அப்பா உங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அலமேலு ஊட்டுக்குப் பூடலாம் வா" என்றார். அலமேலு கரியாலூரில் மரவள்ளி போடுகிறவள். கிழங்கு பிடுங்குகிற காலத்தில் உன் அப்பா அவளிடம் வாங்கித்தான் கீழே மில்லுக்கு ஏற்றிவருவார். நால்வரும் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். ஜுமா அந்தக் கட்டின பையையும் தோளில் போட்டுக்கொண்டே ஏறினான். "வெச்சிட்டு வாப்பா, யாரு தூக்கிக்கினு பூடப் போறா?" என்றால் கேட்கவில்லை. வளைவு வளைவாக ஏற ஏற கீழே இருக்கிற சண்டை, சத்தம், புகை எல்லாம் சின்னதாகி, ஒரு வளைவில் மேகம் குறுக்கே வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. அதற்கு மேல் உலகத்தில் நாம் நாலு பேர்தான் என்று ஆகிவிட்டது. நீ எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாய், உன் கால் தெரியவில்லை, முதுகு மட்டும் மிதந்து போயிற்று. இன்றைக்கும் நீ தூரத்தில் இருப்பதை நினைத்தால் அந்த முதுகுதான் எனக்குத் தெரிகிறது.

அலமேலு வீட்டில் அரிசி தீர்ந்திருந்தது. கீழேயிருந்து எதுவும் ஏறி வராத நாட்கள். "அக்கா, களிதான் இருக்குது. வெளியூரு புள்ளைக்கு எப்படிப் போடறது?" என்று அவளும் கையைப் பிசைந்தாள். வேறு வழி இல்லாமல் தட்டில் கேழ்வரகுக் களி உருண்டையை வைத்தோம். ஜுமா அதைப் பார்த்தான். விரலால் ஒரு விள்ளல் கிள்ளினான். உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு பள்ளம் வைத்தான். நாம் செய்கிற மாதிரி இல்லை, ஆனால் பழகின கை. பிறகு சுற்றுமுற்றும் எதையோ தேடினான். நான் குழம்பை நகர்த்தினேன், தொட்டுக்கொண்டான். ஆனால் கண் வாசலுக்கு வெளியே மரவள்ளிக் காட்டிலேயே இருந்தது. அன்றைக்கு அவன் முழு உருண்டையும் தின்றான். நீ பார்த்து ஆச்சரியப்பட்டாய். நான்தான் ஆச்சரியப்படவில்லை, பயந்தேன். இவ்வளவு நாள் தின்னாதவன் திடீரென்று தின்றால் எனக்குப் பயம்தான். நான் அப்படித்தான், உனக்குத் தெரியும்.

மறுநாள் காலை, ரோடு திறந்ததா என்று ரேடியோவில் கேட்டு வர நீ வெள்ளிமலைக்குக் கிளம்பிப் போனாய். இனிமேல் நடந்ததுதான் உனக்குத் தெரியாதது. மரவள்ளித் தழையைத் தின்றால் ஆடு வயிறு ஊதிச் செத்துப்போகும் என்பது நம் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். அந்த வாரம்தான் அலமேலுவின் வெள்ளாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போய்த் தழையை மேய்ந்து, பொழுது சாய்வதற்குள் காலை நீட்டிவிட்டது. அவள் அதைச் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறேன், ஜுமா காட்டுக்குள் நின்று மரவள்ளிச் செடியின் நுனிக் கொழுந்தாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருக்கிறான். ஏதோ பொழுது போகாமல் கிள்ளுகிறான் என்று வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் உரல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அந்தத் தழையை எல்லாம் உரலில் போட்டு உலக்கையால் இடித்துக்கொண்டிருக்கிறான். பச்சையாகச் சாறு தெறிக்கிறது. வாயில் ஒரு பாட்டு மாதிரி ஏதோ முணுமுணுப்பு.

என் குடம் கீழே போட்டது போட்டபடி. "ஐயோ, இன்னாங்க, புள்ள ஆட்டுத் தழைய இடிக்கிறான்! சாவப் போறான்!" என்று நான் போட்ட சத்தத்தில் அந்த மலையில் தூங்கிக்கொண்டிருந்த மேகம் எழுந்து உட்கார்ந்திருக்கும். ஊருக்குப் போக வழி இல்லை, படிக்க மனசு இல்லை, சோறு இறங்கவில்லை, பேச ஆள் இல்லை, பையன் முடிவு எடுத்துவிட்டான் என்று என் புத்தி ஒரே தாவாகத் தாவிவிட்டது. உன் அப்பா ஓடிவந்து உலக்கையைப் பிடுங்கினார். அவன் விடவில்லை. இரண்டு பேரும் உலக்கையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு உரலைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், கும்மி அடிக்கிற மாதிரி. அலமேலு ஒரு சொம்பு நிறையப் புளியைக் கரைத்துக் கொண்டுவந்தாள். "வாயத் தொறக்கச் சொல்லுக்கா! வாந்தி எடுத்தா பொழச்சிக்குவான்!" உன் அப்பா அவனைக் கட்டிப் பிடிக்க, நான் மூக்கைப் பிடிக்க, அலமேலு ஊற்றினாள். பாவம், ஒரு இலைகூட வாயில் போடாத பிள்ளை, குடம் குடமாகப் புளித்தண்ணீர் குடித்து, நேற்றைய களியை எல்லாம் அலமேலுவின் பூசணிக் கொடி மேல் எடுத்து வைத்தான்.

எடுத்துவிட்டு, கீழே உட்கார்ந்து, இங்கிலீஷில் கத்தினான், அவன் பாஷையில் கத்தினான். எங்களுக்கு எது புரியும்? பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, எனக்குப் புரிகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி எடுத்து வைத்தான். "அம்மா. இது கீரை. எங்க ஊரு கீரை. எங்க அம்மா இடிக்கும். வேகவைக்கும். ரொம்ப நேரம் வேகவைக்கும். வேர்க்கடலை போடும். களி கூட சாப்பிடும்." தட்டைக் காட்டினான், உரலைக் காட்டினான், காட்டைக் காட்டினான். நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அலமேலு கையில் இன்னும் சொம்பு. "பொய் சொல்றானாக்கா?" என்று என் காதில் கேட்டாள். அவனுக்கு அது கேட்டுவிட்டது. அப்போதுதான் அவன் அழுதான், தம்பி. அவ்வளவு உயரமான பிள்ளை, முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு, சத்தம் இல்லாமல்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கு ஒன்று தெரியாவிட்டால் நான் கிண்டல்தான் செய்வேன். "அழுதது போதும். சமைக்கத் தெரியும்னியே, சமை பாப்போம். உங்க அம்மா நல்லா சொல்லிக் குடுத்தாங்களா, இல்ல நீயும் என் புள்ள மாதிரி வாய்ச்சவடாலா?" என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உலக்கையை எடுத்தான். உன் அப்பா தடுக்கவில்லை, ஆனால் சொம்பை அலமேலுவிடம் வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பாதிப் பகல் வெந்தது அந்தக் கீரை. முதல் தண்ணீரைக் கொட்டினான், வேறு தண்ணீர் ஊற்றினான். வேர்க்கடலையை வறுத்து நான்தான் பொடித்துக் கொடுத்தேன். புகையும் மேகமும் ஒன்றோடு ஒன்று கலந்து கூரையிலிருந்து இறங்கி எங்கள் காலைச் சுற்றிக்கொண்டது. அடுப்பின் முன்னால் அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான், முகம் மட்டும் சிவப்பாகத் தெரிந்து தெரிந்து மறைந்தது. அவன் அப்போது அங்கே இல்லை, வேறு ஒரு அடுப்பங்கரையில் இருந்தான் என்று எனக்குப் பட்டது. அந்த அடுப்பங்கரையின் வாசலில் நானும் போய் நின்று எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. யாரோ ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு இடித்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பியிருந்தால் அவள் மொழியில் நான் என்ன பேசியிருப்பேன்? புளித்தண்ணீர் சங்கதியை மட்டும் சொல்லியிருக்க மாட்டேன்.

களியைக் கிண்டினாள் அலமேலு. ஜுமா தட்டில் களியும் கீரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். உருட்டினான், பள்ளம் வைத்தான், கீரையை அள்ளினான், வாயில் போட்டான். நாங்கள் மூன்று பேரும் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், எந்த வாயில் விழுவான் என்று. அவன் இரண்டாவது வாய் எடுத்தவன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. வாயில் இருந்ததை அவனால் விழுங்க முடியவில்லை. "ஆஸ்டல்லயும் இப்படித்தான் அம்மா" என்றான். "எல்லாரும் பாக்கும். நான் சாப்பிடறது பாக்கும். யாரும் என் கூட சாப்பிடாது."

நீ அவனுக்கு எழுதிக் கொடுத்ததையும், கட்டிக் கொடுத்ததையும், அழைத்துப் போனதையும் நான் குறைவாகச் சொல்லவில்லை. நீ அவனுக்கு முந்திச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு ஓட வேண்டி இருந்திருக்கும். ஆனால் அந்தப் பார்வைக்கு எதிரே என்னால் நிற்க முடியவில்லை. உன் அப்பா தட்டில்கூட நான் கை வைத்தது கிடையாது, எச்சில் பார்க்கிறவள் என்று உன் அத்தைமார் என்னைப் பேசுவார்கள். போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்தே ஒரு விள்ளல் எடுத்து, கீரையைத் தொட்டு வாயில் போட்டுக்கொண்டேன். விஷம் என்று என் உடம்பில் ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, உன்னையும் உன் அப்பாவையும் நினைத்துக்கொண்டு விழுங்கினேன். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் கசப்பு. கடலை வாசம். இன்னொன்றும் எடுத்தேன்.

"அடியேய்!" என்றார் உன் அப்பா. "நீ பூட்டா எனக்கு எவ கஞ்சி ஊத்துவா?" "அதான் நீங்களும் வாங்கன்றேன். ஒரே செலவா பூடும்" என்றேன். அவர் சொம்பைக் கையில் பிடித்தபடியே வந்து உட்கார்ந்து ஒரு வாய் தின்றார். முகத்தை அஷ்டகோணலாக்கி, பிறகு நேராக்கினார். அலமேலு மட்டும் எட்டியே நின்றாள். "எல்லாரும் பூட்டா மீதி ஆட்ட யாரு பாக்கறது? நான் அப்பாலிக்கா துன்றேன்" என்றாள். ஜுமாவுக்கு எது புரிந்ததோ, விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு வாய் நிறைய அத்தனை பல் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு செத்துப்போகிறோமா இல்லையா என்று பார்க்க வாசலில் வரிசையாக உட்கார்ந்தோம். மேகம் முழுசாக இறங்கிவிட்டது. எதிரே இருந்த பலாமரம் போயிற்று, வேலி போயிற்று, என் கையே கொஞ்ச நேரம் போயிற்று. எங்கேயோ ஒரு ஆட்டு மணி, மேலேயா கீழேயா தெரியவில்லை. தலை லேசாகச் சுற்றுகிற மாதிரி இருந்தது. இலையா, பயமா, மேகமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "கால் மரத்துச்சா?" என்று நான் கேட்பேன், "இன்னும் இல்ல" என்பார் உன் அப்பா. "உனக்கு?" "இல்ல அம்மா." "அலமேலு, நாங்க இருக்கறமா?" "சத்தம் கேக்குதுக்கா, இருக்கறீங்க." அதில் ஒரு சிரிப்பு. நடுவில் அவன் மெதுவாகச் சொன்னான், தான் அழுததை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று. "அவன் நல்லவன். எனக்கு எல்லாம் செய்யறான். அவனுக்கு வருத்தம் வரும்." நான் தலையை ஆட்டினேன். மேகத்தில் தெரிந்திருக்காது என்று வாயாலும் சொன்னேன். அந்தச் சமயத்தில்தான் நீ வெள்ளிமலையிலிருந்து வந்து சேர்ந்து கஞ்சா இழுத்தீர்களா என்று கேட்டாய். நாளைக்கு ரோடு திறக்கிறது, பஸ் ஓடும் என்று சேதியும் கொண்டுவந்தாய். கீரையை நீட்டினோம். "மரவள்ளித் தழையா? உங்களுக்கெல்லாம் பைத்தியமா?" என்று எட்டிப்போனாய். படித்தவன் நீ, உனக்கு உயிர் வெல்லம்.

மறுநாள் இறங்கினோம். உன் அப்பா வீட்டோடு நின்றுவிட்டார், நான் உங்களோடு உளுந்தூர்பேட்டை வரைக்கும் வந்தேன். அடைபட்டுக் கிடந்த பஸ் எல்லாம் ஒரே நாளில் திறந்துவிட்ட மாதிரி மூன்று ரோடு கூடுகிற அந்த முக்குட்டில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் சென்னை பஸ், அது அவனை அவன் ஊருக்குக் கொண்டுபோகும். எதிர்ப்பக்கம் கடலோரம் போகிற பஸ், அது உங்கள் பல்கலைக்கழகத்துக்கு. அவன் சென்னை பஸ்ஸில் ஏறினான். பையை மேலே போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். நீ கீழே நின்று செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாய். நான் மடியிலிருந்த கடலைப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். "உங்க அம்மாவுக்குக் குடு. இங்க ஒருத்தி உன் தட்டுலயே கை வெச்சி துன்னான்னு சொல்லு. கசப்பு கொஞ்சம் ஜாஸ்தின்னும் சொல்லு" என்றேன்.

அவன் பொட்டலத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு உன்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் உன்னையே பார்த்தான். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பஸ் நகர்ந்துவிட்டது. திடீரென்று உள்ளே ஒரே கலவரம். யாருடைய காலையோ மிதித்து, யாரோ திட்ட, பையை இழுத்துக்கொண்டு படியில் வந்து குதித்தான். "இன்னாப்பா, இன்னாத்த மறந்துட்ட?" என்று நான் ஓடினேன். உன்னைக் கையால் காட்டினான். "இவன் இன்னும் சாப்பிடல அம்மா. இவன் சாப்பிடாம நான் எப்படிப் போறது?"

நீ அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாய். எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினீர்கள். விடுதி அறையில் ஸ்டவ் வைத்து அவன் அந்தக் கீரையைச் சமைத்தான் என்றும், வாசத்துக்கு மாடியே கூடிவிட்டது என்றும் பிறகு எழுதினாய். அவன் கடைசி வருஷம் முடித்துத்தான் ஊருக்குப் போனான். ஆனால் நீ அந்தக் கீரையைத் தின்றாயா இல்லையா என்று இன்றுவரைக்கும் எனக்கு எழுதவில்லை. அலமேலு இப்போது மாதம் ஒரு தடவை அதைச் செய்கிறாள். ஜுமா கீரை என்று பெயர். நன்றாக வெந்ததா என்று இப்போதும் முதலில் என்னைத்தான் தின்னச் சொல்கிறாள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வருகிறது. கேழ்வரகு மாவு, வறுத்த கடலை, கொஞ்சம் மிளகாய்ப் பொடி. நீ தனியாகத் தின்ன அனுப்பவில்லை, அப்படித் தின்றால் எனக்கு இங்கே விக்கல் வரும். உன் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறவன் நீ ஒருத்தன் மட்டும் இருக்க மாட்டாய். சிரித்துவிட்டுப் போகிறார்களே, அவர்களையும் கூப்பிடு. விருந்தாளிக்குக் களியா போடுவது என்று நினைக்காதே, அந்தத் தப்பை நாங்களே செய்து பார்த்துவிட்டோம். பயந்து எட்டி நின்றால் நீ முதலில் ஒரு வாய் தின்று காட்டு. யாராவது ஒரு மகராசி உன் தட்டில் கை வைப்பாள். வைத்தால் எச்சில் என்று பார்க்காதே. அதற்குப் பிறகும் வர வேண்டும் என்று இருந்தால் டிக்கெட் எடு, ஏறி உட்கார், உன் அப்பா இன்னொரு தடவை மாட்டுக்குத் தவிடு வைப்பார். ஆனால் வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக ஒரு தடவை கீழே பார். இன்னும் சாப்பிடாதவன் யாராவது நின்றால் இறங்கிவிடு.

தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகுதான் மாவைக் கொட்ட வேண்டும், கை ஓயாமல் கிண்ட வேண்டும். கட்டி தட்டாமல் பார்த்துக்கொள். தட்டிவிட்டாலும் கவலைப்படாமல் போடு. களி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லு, அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது.

உன் அம்மா